கேமராவுக்குத் தெரியாத தெரு

கூகுள் போன்ற நிறுவனங்கள் கேமரா பொருத்திய வண்டியை ஓட்டி எடுக்கும் தெருப் படங்களைக் கணினியிடம் கொடுத்தால், அந்தத் தெரு வாழத் தகுந்ததா என்று மதிப்பெண் போட்டுவிடும் என்கிறது ஒரு கட்டுரை. மரப் பசுமையை அளப்பது வரை சரி. படத்தில் பச்சை எத்தனை சதவீதம் என்று பார்த்தால் போதும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் 'ட்ரீபீடியா' திட்டம் செய்தது அதைத்தான். அதே எம்ஐடியின் 'பிளேஸ் பல்ஸ்' ஆய்வின் கதை வேறு. 56 நகரங்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, எது பாதுகாப்பாகத் தெரிகிறது என்று இணையத்தில் வந்தவர்களைக் கேட்டார்கள். 'தெரிகிறது' என்பதைக் கவனியுங்கள். காரை பெயர்ந்த சுவர் உள்ள தெரு, அங்கே குடியிருப்பவருக்கு நிம்மதியான இடமாக இருக்கலாம். படம் பார்ப்பவர் அதை எப்படி அறிவார்?

அப்புறம், கேமரா வண்டி வருவது பெரும்பாலும் பகலில். இரவில் விளக்கு எரியுமா, மழைக்குத் தண்ணீர் தேங்குமா, சாக்கடை நாறுமா, எதுவும் படத்தில் வராது. நடைபாதையின் உடைசல் நிறுத்திய வண்டிகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். கார் நுழையாத சந்துகள் பல கணக்கிலேயே இல்லை (நடப்பதற்கு நல்ல இடங்களே அவைதான்!).

என்னைக் கேட்டால், ஒரே தெருவின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடத்தான் இது உருப்படியாகப் பயன்படும். வெட்டிய மரத்தை யாராலும் மறைக்க முடியாது.