சால்னா அண்டாவை மூடி வைக்காதீர்கள்

‘நன்றாகக் கொதித்தால் எந்தக் கிருமியும் மிஞ்சாது’ என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது பாதிதான் சரி. மதுரை பரோட்டாக் கடைச் சால்னாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கறியோடு வரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (அதன் உறங்குநிலை வடிவம்) கொதியையும் தாங்கும். ராத்திரி அடுப்பை அணைத்து அண்டாவை மூடினால், மேலே எண்ணெய் ஏடு கட்டி, நடுவில் விடியும்வரை வெதுவெதுப்பு நிற்கும். அந்த வெதுவெதுப்பில் வித்துகள் முளைத்து, 43–47 டிகிரியில் பாக்டீரியா ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றுப் பிடிப்பு, பேதி; வாந்தி அபூர்வம் என்பதால் ‘சூட்டு வலி’ என்று விட்டுவிடுகிறார்கள்.

மிச்சத்தை அகலத் தட்டுகளில் மூன்று விரற்கடைக்கு மேல் போகாமல் ஊற்றி, 2 மணி நேரத்துக்குள் ஆற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அடிவரை கிண்டித் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். லேசாகச் சூடு காட்டினால் போதாது. விற்கும்போதும் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது.