பொறி விழுவதைப் பார்த்து வாங்குங்கள்
புதியவருக்கு கல்லை எஃகில் உரசிப் பொறியெழுப்பிச் சுடும் சக்கிமுக்கித் துப்பாக்கிகளில், ஆலையில் தயாரானதே போதும் என்ற கட்டுரையாளரின் முடிவு எனக்கு முழுதும் ஏற்புடையதன்று. இத்தாலியின் பெடர்சோலி நிறுவனத் துப்பாக்கி போன்றவற்றை வாங்கிய கையோடு சுடலாம் என்பது உண்மைதான். ஆனால் எந்தத் துப்பாக்கியானாலும், கல் உரசும் எஃகுத் தகடு சரியாகக் கடினப்படுத்தப்படவில்லையென்றால், பொறி மங்கி, தகட்டின் கீழுள்ள சிறு கிண்ணியில் இட்ட வெடிமருந்து தாமதமாகப் பற்றி, அந்த நொடிப்பொழுதில் குறி விலகிவிடும். நாமே பொருத்திக்கொள்ளும் உதிரிபாகத் தொகுப்புகளும் உண்டு. அமெரிக்காவின் கிப்லர் நிறுவனத் தொகுப்புகளில், கணினி இயந்திரம் குடைந்த மரக்கட்டையில் குழலும் விசையமைப்பும் ஏறக்குறைய அப்படியே பொருந்துவதால், தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதுமே பெரும்பாலும் மிச்சமிருக்கும் வேலை. கைவினைஞரிடம் சொல்லிச் செய்தால் தோளுக்கும் கன்னத்துக்கும் அளவெடுத்தாற்போல் அமையும். காத்திருப்பும் செலவும் அதற்கேற்பக் கூடும். கையால் குடைய வேண்டிய பழைய பாணித் தொகுப்புகளிலோ, உளி பிடித்துப் பழகாதவர் குழல் அமரும் பள்ளத்தைச் சற்று ஆழமாக்கிவிட்டாலே, நல்ல மேப்பிள் கட்டை வீணாகிவிடும்.