முதியோருக்கு மாதம் 5,000 ரூபாயா? தர்மபுரியில் சுற்றும் ஃபார்வேர்டு

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஆட்சியர் அலுவலகமும் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து முதியோருக்கு மாதம் 5,000 ரூபாய், பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு தருகிறார்களாம். பதிவுக் கட்டணம் 350 ரூபாயை ஜிபேயில் அனுப்ப வேண்டுமாம்.

இது பொய். அரசின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விவரம் தாலுகா அலுவலகத்தில், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் கிடைக்கும்.

அந்தச் செய்தியில் அறக்கட்டளையின் முகவரியும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. ஆனால் ஆதார் போட்டோ கேட்கிறார்கள். உதவி செய்ய வருகிறவர் முதலில் நம்மிடமே எதற்குக் காசு கேட்கிறார்?

சந்தேகமிருந்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் நேரில் கேளுங்கள். பணம் அனுப்பிவிட்டவர்கள் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். மற்றவர்கள் தயவுசெய்து ஃபார்வேர்டு செய்யாதீர்கள்.