டேவ் டியூரின் ஓடிப்போகவில்லை

டேவ் டியூரின் சண்டை போட்டு வெளியேறும் அந்தத் துண்டுக் காணொளி நேற்று முதல் மறுபடியும் சுற்றி வருகிறது. "பாதியில் ஓடிப்போன பெரியவர்" என்று நம் நண்பர் அதன் மேல் எழுதிய ஒற்றை வரிக்குச் சிரிப்புக் குறி இட்டவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

டேவ் டியூரின் ஓடிப்போகவில்லை. குடும்பக் கல் குவாரியில் தொழில் பழகிய அவர், தங்கம் தோண்டும் குழுக்களைப் பின்தொடரும் 'கோல்ட் ரஷ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவத்தில் டாட் ஹாஃப்மேன் என்பவரின் குழுவோடு சேர்ந்து, தென் அமெரிக்காவின் கயானா காட்டில் அந்தக் குழு மண்ணைக் கவ்விய பருவத்திலும் கூடவே நின்றவர். எட்டாம் பருவத்தில், கொலராடோவின் ஃபேர்ப்ளேயில், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், அதே குழுவின் டிரே போல்சனுடன் கைகலப்பு ஏற்பட்ட பிறகே வெளியேறினார். இத்தனை பருவங்கள் சுமந்தவரை ஒரு சண்டையை வைத்து அளக்கும் தராசு நம்மிடம் எப்படி வந்தது?

அந்த வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். மேல்மண்ணை அகற்றி, தங்கம் கலந்த சரளையைத் தோண்டி, கழுவும் இயந்திரத்தில் கொட்ட வேண்டும். நிலம் உறைவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஒரு கல் சிக்கி இயந்திரம் நின்றால் அத்தனை கண்களும் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரின் முதுகின் மேல்தான் இருக்கும். அந்த நாட்களின் களைப்பை யாரும் நமக்குக் காட்டுவதில்லை. வெடித்த நிமிடத்தைத்தான் காட்டுகிறார்கள்.

"எல்லாம் எழுதிவைத்த நாடகம்" என்பீர்கள். கனடாவின் யூகானில், அதே தொடரில் வரும் இன்னொரு சுரங்கக்காரரான டோனி பீட்ஸின், மிதந்தபடி தங்கம் அள்ளும் இயந்திரம் நிற்கும் குளத்தில் 2014-இல் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்ததையும் கேமரா பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 2017-இல் நீதிமன்றம் அதை நாடகம் என்று கைதட்டிவிட்டுப் போகவில்லை, அபராதம் விதித்தது. கைகலப்பு தவறில்லையா என்றும் கேட்பீர்கள். தவறுதான். மேலே செல்வோம்.

நான் சில காலம் தொலைக்காட்சிச் சமையல் போட்டி ஒன்றின் படத்தொகுப்பு அறையில் உதவியாளனாக இருந்தேன். மதியத்தில் ஒரு பெண் விட்ட கொட்டாவியை எடுத்து, மாலையில் இன்னொருத்தி அழுத காட்சியை அடுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், இந்தக் கையால்தான் வைத்தேன். ஒளிபரப்பான மறுநாள் அந்தப் பெண்ணை "நெஞ்சில் ஈரமில்லாதவள்" என்று ஊரே ஏசியது. ஆகவே, நாம் பார்த்தது வெட்டி ஒட்டியது என்று நான் சொல்லும்போது அதை ஊகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மூன்று இரவுகள் தொடர்ந்து விழித்திருந்த பிறகு, அழிந்துபோன ஒரு பதிவுக்கு என்னைப் பொறுப்பாக்கியபோது நானும் கத்தினேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன். மூன்று இரவுகளையும் அங்கே எவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, நாற்காலி மட்டும் நிலைத்துவிட்டது. பிறகு வேலை கேட்டுப் போன இரண்டு இடங்களிலும் அந்த நாற்காலி எனக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது.

டியூரினுக்குக் கைவிடப்பட்ட சுரங்கங்களைத் தேடிப் போகும் தனி நிகழ்ச்சி 2019-இல் கிடைத்தது. எனக்கு, "பாதியில் விட்டுவிட்டு வந்தவன்தானே நீ" என்று ஒரு திருமண வீட்டுப் பந்தியில் பத்துப் பேர் முன்னிலையில் சிரித்த நண்பர் கிடைத்தார். நேற்றைய ஒற்றை வரியை எழுதியவரும் அவர்தான்.