மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர் எஞ்சின் குப்பைக்குப் போக வேண்டியதில்லை

"யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர் கார் எஞ்சின்களை இனித் திருத்த முடியாது, ஜப்பான் எஞ்சின்தான் ஒரே வழி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. இதை நம்பி யாரும் நல்ல எஞ்சினைப் பழைய இரும்புக்கு விற்றுவிடக் கூடாது.

1990களில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் கார்களைச் சில துளி பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எஞ்சியது சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலையும் நீர்க்கச் செய்யும். அதனால் தேய்பவை சிலிண்டர், பிஸ்டன் ரிங், பெயாரிங். வால்வில் கரி படியும். இவை எல்லாமே திருத்தக்கூடியவை! சிலிண்டரின் மேல் விளிம்பில் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். படி போலத் தடுக்கினால் தேய்மானம் அதிகம். லேத் பட்டறையில் ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து, பெரிய அளவு பிஸ்டன் போடலாம். அதையும் தாண்டித் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் பொருத்தும் புதிய குழாய்) இறக்கலாம். பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடல்) மோசமாக வெடிப்பு விட்டிருந்தால்தான் மாற்று எஞ்சினைத் தேட வேண்டும்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் மைனரின் 948 சிசி எஞ்சினின் இடத்தில் அதே குடும்பத்து 1098 சிசி எஞ்சின் பொருந்தும். ஆனால் 1098 மைனருக்கு கிளட்ச் பெரிது, முன் பிரேக் டிரம்மும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமானது. பிரேக்கை அப்படியே விட்டு எஞ்சினை மட்டும் பெருப்பிப்பது ஆபத்து. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.