ஐப்பசியில் தேவிபட்டினம் கடல் தெளியாது

"அக்டோபர், நவம்பர்தான் தேவிபட்டினம் பக்கம் முழங்கால் தண்ணீரில் மீனைக் கண்ணால் பார்த்துத் தூண்டில் வீச நல்ல காலம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது டெக்சாஸ், ஃபுளோரிடா கணக்கு. அங்கே இலையுதிர்காலத்தில் தண்ணீர் குளிர்ந்ததும் ரெட் டிரம் மீன் பகலிலும் ஆழமில்லாத இடங்களில் மேயும். நமக்கு அந்த மாதங்கள் வடகிழக்குப் பருவமழை. வாடைக்காற்று தேவிபட்டினம் இருக்கும் பாக் விரிகுடாக் கரையில் நேராக மோதி அடிச்சேற்றைக் கலக்கிவிடும். மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிப்பது தென்மேற்குக் காற்றில்.

போன ஐப்பசியில் விடியுமுன் மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறித் தேவிபட்டினத்தில் போய் இறங்கினேன். கடல் டீ நிறத்தில் கிடந்தது, முழங்கால் ஆழத்தில் என் பாதமே தெரியவில்லை. போலராய்டு கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்பதும் தப்பு. அது நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் கண்கூச்சத்தைத்தான் குறைக்கும், கலங்கலைத் தெளிய வைக்காது.

அதே இடத்தில் பங்குனியில், காற்று அடங்கிய ஒரு காலையில், மடவைக் கூட்டம் மேய்ந்துபோன வழியெல்லாம் சின்னச் சின்னதாகச் சேறு புகைவதைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். அவ்வளவு தெளிவு!

அப்புறம், கலங்கலில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்துக்கொண்டே நடங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும், மிதித்தால் வால்முள்ளால் குத்திவிடும்.