சேல் காசைத் தனி ஆல்பத்தில் கரைக்காதீர்கள், பாக்ஸ் செட் வாங்குங்கள்

ஜாஸ் லேபிள் ஏதாவது ஒன்று தள்ளுபடி அறிவித்தால் போதும், "அண்ணே, இந்தத் தடவை எதை எடுக்கலாம்?" என்று உள்பெட்டியில் கேள்வி வர ஆரம்பித்துவிடும். மதுரையில் ஜாஸ் கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அந்தக் கொஞ்சம் பேருக்கும் ஒருவரையொருவர் தெரியும். தனித்தனியாகப் பதில் போடுவதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்து இதுதான். சேல் நேரத்தில் தனி ஆல்பங்களைத் தொடாதீர்கள். இருக்கிற காசை ஒரு பாக்ஸ் செட்டில், அதாவது பல தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து விற்கிற பெட்டியில் போடுங்கள். அதுவும் சிடி பாக்ஸ் செட்டில். அதிலும் ஒரு இரவையோ, ஒரு வாரத்தையோ, ஒரு கலைஞரின் ஒரு காலத்தையோ முழுசாகத் தருகிற பெட்டியில்.

தனி ஆல்பங்களை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. ப்ளூ நோட் என்கிற அமெரிக்க ஜாஸ் லேபிள் 2019-இல் டோன் போயட் வரிசையை ஆரம்பித்தது. அசல் அனலாக் டேப்பிலிருந்து கெவின் கிரே மாஸ்டரிங் (அச்சுக்குப் போகும் முன் ஒலியைச் செம்மைப்படுத்துவது) செய்து, கெட்டியான அட்டையில் வருகிற எல்பிக்கள், அதாவது பெரிய இசைத்தட்டுகள். அதைவிடக் கம்மி விலையில் கிளாசிக் வரிசை என்று இன்னொன்றும் இருக்கிறது. கிராஃப்ட் நிறுவனம் 2023-இல் பழைய ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் வரிசையைத் திரும்பக் கொண்டுவந்தது, அதனால் பிரெஸ்டீஜ், ரிவர்சைடு, கன்டெம்பரரி லேபிள்களின் ஆல்பங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. பெயர் பெற்ற ஆல்பம் எதுவாக இருந்தாலும் இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் வேறு அட்டையில் வரும். இருபது சதவீதம் தள்ளுபடி என்று அவசரப்பட்டு, வீட்டில் ஏற்கெனவே சிடியாக இருக்கிற ஒன்றை எல்பியாகவும் வாங்கிவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பாக்ஸ் செட் கதை வேறு. மொசைக் என்கிற சின்ன நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கேல் கஸ்குனாவும் சார்லி லூரியும் சேர்ந்து தொடங்கியது. முதல் வெளியீடு 1983-இல், பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் ப்ளூ நோட்டுக்காக வாசித்த அத்தனையும் ஒரே பெட்டியில். அவர்கள் பெரும்பாலும் பெரிய கம்பெனிகளிடம் போய், இத்தனை பிரதிதான் போடுவோம் என்று சொல்லி உரிமை வாங்கி, 5,000 பெட்டியோ 7,500 பெட்டியோ செய்து, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு விற்பார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதற்கப்புறம் செகண்ட்ஹாண்டில் தேட வேண்டும், அங்கே விற்கிறவர் வைப்பதுதான் விலை. கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்ட பெட்டிகளுக்கு அவர்களே தனிப் பட்டியல் போடுவார்கள். சேல் வந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இதில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற ஒன்று உண்டு. டீனா ப்ரூக்ஸ் என்று ஒரு டெனர் சாக்ஸபோன் கலைஞர். 1958-லிருந்து 1961 வரை ப்ளூ நோட்டுக்காகத் தன் தலைமையில் நான்கு ஆல்பங்களுக்கு வாசித்தார். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்தது ஒன்றே ஒன்று. இன்னொன்றுக்கு ஆல்பம் நம்பர்கூடக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் தட்டு வரவில்லை. 1974-இல், 42 வயதில் போய்விட்டார். நான்கும் சேர்ந்து ஒரு பெட்டியாக வந்தது 1985-இல்தான், மொசைக் வழியாக. கஸ்குனா 1975-இல் ப்ளூ நோட்டின் டேப் அறைக்குள் நுழைந்து, வெளிவராமல் கிடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு, யார் எப்போது வாசித்தது என்று கலைஞர்களிடமே விசாரித்து எழுதிவைக்கவில்லை என்றால் இதெல்லாம் நம் காதுக்கு வந்திருக்காது. சாக்ஸபோன் கலைஞர் வேன் ஷார்ட்டர் 1965-இல் பதிவு செய்த முழு ஆல்பங்களே பத்து வருடத்துக்கு மேல் தூங்கியிருக்கின்றன. கஸ்குனா 2024-இல் காலமானார். அவருடைய பெயரைப் பெட்டியின் பின்பக்கத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

சரி, எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டியா? இல்லவே இல்லை. "எட்டு ஆல்பம், நான்கு சிடி" என்று அடிமட்ட விலைக்கு ஒரு வகை வருகிறது, பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவில் இசைப்பதிவுக்கான காப்புரிமை முன்பு 50 வருடம்தான். 2013-இல் அதை 70 ஆக்கினார்கள். ஆனால் அதற்குள் காலாவதியாகிவிட்டவை திரும்ப உரிமைக்குள் வரவில்லை. அதனால்தான் அந்த மலிவுப் பெட்டிகள் எல்லாம் 1962-உடன் நின்றுவிடுகின்றன, கவனித்துப் பாருங்கள். சட்டப்படி தவறில்லை. நம் நாட்டிலும் 60 வருடம்தான் கணக்கு. ஆனால் அசல் டேப் அவர்களிடம் இல்லை. யாரோ வெளியிட்ட சிடியிலிருந்தோ பழைய தட்டிலிருந்தோ எடுத்துச் சுத்தம் செய்கிறேன் என்று டிரம்ஸ் சிம்பலின் கணீரென்ற ஓசையையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள். யார் பேஸ் (கனத்த குரலுள்ள பெரிய தந்தி வாத்தியம்) வாசித்தது என்றுகூட அச்சிடுவதில்லை. வாசித்தவரின் குடும்பத்துக்கும் ஒன்றும் போய்ச் சேராது. ஒரு ஆல்பத்தின் பாதி முதல் சிடியிலும் மீதி இரண்டாவதிலும் இருக்கும். இதை வாங்குவதற்குப் பதில் ஸ்ட்ரீமிங்கில் கேட்டுக்கொள்ளலாம்.

நல்ல மறுவெளியீடு என்றால் என்ன என்பதற்கு ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பத்தையே சொல்லலாம். 1959 மார்ச் 2-ஆம் தேதி முதல் பதிவு நடந்தபோது ஓடிய டேப் மிஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறும் இல்லையா, அதனால் முதல் பக்கத்துப் பாடல்கள் மூன்றும் உண்மையான சுருதிக்குச் சற்று மேலே நின்றுவிட்டன. முப்பது வருடத்துக்கு மேல் உலகமே அப்படித்தான் கேட்டது. அந்தத் தட்டைப் போட்டு கூடவே வாசித்துப் பழகியவர்கள் தன் வாத்தியம்தான் சுருதி சேரவில்லை என்று நினைத்திருப்பார்கள், பாவம். 1992-இல்தான், அதே நாளில் இன்னொரு மிஷினில் ஓடிய மாற்று டேப்பை எடுத்துப் போட்டுச் சரி செய்தார்கள். சுருதி சுத்தத்தை உயிராக நினைக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. எந்த டேப்பிலிருந்து எடுத்தது, யார் மாஸ்டரிங் செய்தது என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

இப்போது விளாங்குடித் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டதற்கு வருகிறேன். "ஒரே பாட்டை நாலு தரம் வாசிச்சத நாலு சிடியில போட்டு விக்கிறாங்க, அதுக்கு எதுக்குண்ணே இவ்வளவு காசு?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் தம்பி, மதுரை சோமு பாடின ஊர்க்காரர் நீங்கள். கோயில் கச்சேரியில் விடிய விடிய அவர் பாடியதைக் கேட்டவர்கள் இன்னமும் நம் தெருக்களில் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். நேற்றுப் பாடின ராகத்தை இன்றைக்கும் பாடுகிறாரே என்று ஒருவரும் எழுந்து போனதில்லை. இன்றைக்கு என்ன செய்யப் போகிறார் என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதே காதோடு மைல்ஸ் டேவிஸின் ப்ளக்டு நிக்கல் பெட்டியைக் கேளுங்கள். 1965 டிசம்பர் 22, 23, சிகாகோவில் ஒரு சின்ன கிளப், இரண்டு இரவு, மொத்தம் ஏழு அமர்வு, எட்டு சிடி. டிரம்ஸ் வாசித்த டோனி வில்லியம்ஸுக்கு அப்போதுதான் இருபது வயது ஆகியிருந்தது. முதல் நாள் ஒரு பாலட், அதாவது மெல்ல நகர்கிற பாட்டை எடுத்து மெதுவாக நடக்கிறார்கள். மறுநாள் அதே பாட்டில் டிரம்ஸ் திடீரென்று நின்றுவிடுகிறது, பியானோவும் ஒதுங்கிவிடுகிறது, ட்ரம்பெட் மட்டும் தனியாக அந்த வெற்றிடத்தில் நிற்கிறது, அடுத்து யார் எங்கிருந்து வருவார் என்று நமக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பொறுக்கியெடுத்து நாற்பது நிமிடத்துக்கு ஒரு தட்டாகப் போட்டால் இது கிடைக்காது. முன்னால் வாசித்தது காதில் இருந்தால்தான் பின்னால் வாசிப்பது என்ன என்று புரியும்.

பியானோ கலைஞர் பில் எவான்ஸ் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் வாசித்த பெட்டி இன்னும் நெருக்கமானது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு, மாலையிலிருந்து மூன்று என்று ஐந்து அமர்வு. அதிலிருந்து எடுத்துத்தான் புகழ்பெற்ற இரண்டு ஆல்பங்களையும் அப்போது போட்டார்கள். 2005-இல் வந்த மூன்று சிடி பெட்டியில் அன்றைய நாள் நடந்த வரிசைப்படியே இருக்கிறது. முதல் பாட்டு குளோரியாஸ் ஸ்டெப், பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ எழுதியது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நடுவில் பதிவு அறுந்துபோய்த் திரும்ப வருகிறது. கரண்ட் போய்விட்டது! அதனால் பழைய ஆல்பங்களில் அதைச் சேர்க்கவில்லை. பெட்டியில் அந்த அறுந்த இடத்தோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். ஹெட்போனில் கேட்டால் கிளாஸ் இடிபடுகிற சத்தம், பின்னால் யாரோ ஒரு பெண் சிரிக்கிறது, பாட்டு முடிந்ததும் கையளவு பேர் தட்டுகிறது, எல்லாம் கேட்கும். இவ்வளவு பெரிய விஷயம் நடக்கிறது என்று அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பதினோரு நாள் கழித்து, ஜூலை 6-ஆம் தேதி, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. கடைசி அமர்வைக் கேட்கும்போது அந்த விரல்களின் வேகம் நம்மை என்னவோ செய்யும்.

அடுத்து, நம் ஊருக்கு ஏன் சிடி என்பது. எல்பி பிடித்தவர்கள் சண்டைக்கு வராதீர்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் பத்து எல்பி உள்ள பெட்டி மூன்று கிலோவுக்கு மேல் எடை நிற்கும். வெளிநாட்டிலிருந்து அதற்கு ஆகிற அனுப்பும் செலவே சேலில் மிச்சப்பட்டதைச் சாப்பிட்டுவிடும். அதோடு முடிவதில்லை. சுங்கவரி போடும்போது பொருளின் விலையோடு அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அதாவது எடை கூடினால் வரியும் கூடும். சிடி பெட்டியில் இந்த அடி பாதிகூட விழாது. இன்னொன்று, ஒரு எல்பி பக்கம் இருபது நிமிடம் சொச்சம்தான் ஓடும். மைல்ஸ் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு நிறுத்தாமல் போகிறவர், நடுவில் நாம் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடுவதா?

நம்ம ஊர் வெயிலையும் மறந்துவிடாதீர்கள். சித்திரை, வைகாசியில் பார்சல் வேனுக்குள் ஒரு பகல் முழுக்கக் கிடந்த எல்பி எந்த நிலைமையில் வந்து சேரும் என்று யோசியுங்கள். எனக்கு ஒரு மே மாதம் வந்த பெட்டியில் மூலை நசுங்கி, உள்ளே இரண்டு தட்டு வளைந்து, ஊசி படகு மாதிரி ஏறி இறங்கியது. கொண்டுவந்த தனியார் கூரியரில் புகார் கொடுத்தேன், பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டார்கள். அதனால் சிடியோ எல்பியோ, பிரிக்கும்போது போனை எதிரில் வைத்துவிடுங்கள். சுங்கத்துக்காக அடையாள ஆவணம் கேட்டு மெசேஜ் வந்தால் அன்றே அனுப்பிவிடுங்கள், தாமதித்தால் பார்சல் கிடங்கில் தூங்கும். எல்பிதான் வேண்டும் என்கிறவர்கள் சேலில் காசு கட்டினாலும் ஐப்பசிக்கு மேல் வந்து சேர்கிற மாதிரி அனுப்பச் சொல்ல முடியுமா என்று ஒரு வார்த்தை எழுதிக் கேளுங்கள், சின்ன லேபிள்கள் சில சமயம் ஒத்துக்கொள்ளும்.

பாக்ஸ் செட்டுக்குக் காசு பத்தாது, தனியாக ஒன்றே ஒன்றுதான் முடியும் என்கிற கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு ஒரு விதிவிலக்கு சொல்கிறேன். ஈசிஎம் லேபிளில் 1981-இல் வந்த ஹூஸ் டு நோ. எல். சங்கரின் வயலின், உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கம், ஜாகிர் உசேனின் தபேலா. ஒரு பக்கம் முழுக்க ராகம் தானம் பல்லவி. ஜாஸ் இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். ஒரு ஐரோப்பிய ஜாஸ் லேபிள் நம் கச்சேரியை எவ்வளவு அக்கறையாகப் பதிவு செய்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து கும்கி (இடப்பக்கத்தில் எழும் கனத்த நாதம்) அப்படியே நெஞ்சில் விழும். லட்சுமி சுந்தரம் ஹாலில் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதுதான் சரியான நுழைவாயில்.

இந்தத் தடவை என் பட்டியலில் முதலில் இருப்பது சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அதே வில்லேஜ் வான்கார்டில் வாசித்த பெட்டி. 1961 நவம்பர் 1, 2, 3, 5, நான்கு இரவு, நான்கு சிடி, பாஸ் கிளாரினெட்டில் எரிக் டால்ஃபி. 1962-இல் வந்த தட்டில் அதிலிருந்து மூன்றே மூன்று பாட்டுதான் இருந்தது. இந்தியா என்று அவர் பெயர் வைத்த பாட்டும் இந்த இரவுகளில் வாசித்ததுதான். நண்பரிடம் இரவல் வாங்கிக் கேட்டது, சொந்தமாக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வந்ததும் இங்கே சொல்கிறேன். நரிமேட்டில் மாடி ரூமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நான்கு சிடியையும் வரிசையாகப் போடலாம் என்று இருக்கிறேன், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும். மதுரை, திண்டுக்கல், சிவகங்கைப் பக்கம் இருக்கிறவர்கள் வருவதாக இருந்தால் கமென்டில் பெயர் போடுங்கள். மதியச் சாப்பாடு நம்ம வீட்டில்.